ஒரு கூடை உடைசல்

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், சின்னவர்களுக்கு முன்னால் இடம் விடுங்கள். இது கண்ணாடிக் கதை. பாதியில் கீழே போட்டால் உடைந்துவிடும், அதனால் முடிகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கக் கூடாது.

நம் கடற்கரையில் மிளகு மூட்டையை ஏற்றிக் கப்பலை வழியனுப்பிக் கொண்டிருந்த காலம் அது. அந்தக் கப்பல் போய்ச் சேருகிற திசையில், ரோமாபுரிச் சக்கரவர்த்திக்குக் கப்பம் கட்டிக்கொண்டு, தெமரோஸ் என்று ஒரு குட்டி ராஜா இருந்தான். அவன் ஊருக்கு பெலூனா என்று பேர். முன்னால் கடல், பின்னால் உப்புவெளி, நடுவில் ஓர் ஆறு. அந்த ஆற்று மணல் வெள்ளை வெளேரென்று அரிசி மாவு மாதிரி இருக்கும்.

அந்த மணலில்தான் பெலூனாக்காரர்கள் கண்ணாடி செய்தார்கள். முந்தைய காலத்தில் ஒரு சின்னக் குப்பி செய்யவே ஒரு நாள் முழுக்க ஆகும். ராணிகள் மட்டும்தான் அதில் வாசனைத் தைலம் வைத்துக்கொள்வார்கள். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் இரும்புக் குழலின் நுனியில் கண்ணாடிக் குழம்பைத் தொட்டு, மறுமுனையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தான். அவ்வளவுதான்! நாம் தோசை வார்க்கிற வேகத்தில் குப்பியும் கிண்ணமும் குடுவையும் வந்து விழுந்தன. ராணி வீட்டில் இருந்தது மீன்காரி வீட்டுக்கும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வீடு கண்ணாடி வந்தால் வீட்டுக்கு வீடு உடையத்தானே செய்யும்? பூனை தட்டி உடைக்கும், பிள்ளை தட்டி உடைக்கும், கோபம் வந்தால் பெரியவர்களே உடைப்பார்கள்.

அந்த உடைசலை வாங்கத்தான் அரிஷா வருவாள். அரிசி இல்லை, அரிஷா. தலையில் ஒரு கூடை, இடுப்பில் ஒரு கூடை. நம் ஊரில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தருகிறார்களே, அதே மாதிரி அவள் ஒரு கைப்பிடி உடைசலுக்கு ஒரு கைப்பிடி சுண்டல் தருவாள்.

"உடைசல் இருக்கா, உடைசல்! ஒரு கைக்கு ஒரு கை சுண்டல்!"

"உன் கை சின்னக் கை, அரிஷா. என் கையால அளந்துக்கிறேன்" என்பாள் ஒருத்தி.

"அப்ப உடைசலையும் உங்க கையாலயே அள்ளிப் போடுங்கக்கா" என்பாள் அரிஷா. அந்த அம்மாள் கண்ணாடித் துண்டைப் பார்ப்பாள், தன் கையைப் பார்ப்பாள், அரிஷா கையாலேயே அளக்கச் சொல்லிவிடுவாள்.

அரிஷாவைப் போல உடைசல் பொறுக்குகிறவர்கள் அந்த ஊரில் நாற்பது குடும்பம். ஆறு கடலில் கலக்கிற ஆற்று முகத்தில் குடிசை போட்டு இருந்தார்கள். கொண்டுவந்ததை நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். பச்சை ஒரு குவியல், தேன் நிறம் ஒரு குவியல், நிறமே இல்லாமல் தண்ணீர் போல இருப்பது ஒரு குவியல். பிரித்ததை உலைக்காரர்களிடம் கொடுப்பார்கள்.

உலைக்காரர்களுக்கு உடைசல் எதற்கு என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கண்ணாடிக்கு மூன்று சரக்கு வேண்டும். முதலாவது ஆற்று மணல். இரண்டாவது, ஏரிக்கரையில் வெள்ளையாகப் பூக்கிற சவுட்டு உப்பு. மூன்றாவது உடைந்த பழைய கண்ணாடி. மணல் லேசில் உருகாது, வீம்புக்காரப் பயல் மாதிரி. ஆனால் ஏற்கனவே ஒருமுறை தீயைப் பார்த்த கண்ணாடி சீக்கிரம் இளகும். தான் இளகிப் பக்கத்தில் இருக்கிற மணலையும் இளக்கும். எத்தனை படி புதுப்பால் இருந்தாலும் ஒரு கரண்டி உறைமோர் இல்லாமல் தயிர் ஆகுமா? அந்த மாதிரி.

இது உலைக்காரர்களுக்குத் தெரியும். பொறுக்குகிறவர்களுக்குத் தெரியும். ராஜாவுக்குத் தெரியாது. ராஜாக்கள் அடுப்படிப் பக்கம் வருவதில்லை அல்லவா?

ஒருநாள் தெமரோஸ் ராஜா குதிரையில் ஊர்வலம் போனான். குதிரையின் காலில் ஒரு கண்ணாடித் துண்டு குத்திவிட்டது. குதிரை துள்ளியது, ராஜாவின் கிரீடம் சாக்கடையில் போய் விழுந்தது. ராஜா சுற்றிலும் பார்த்தான். தெருவோரம் கூடையோடு பொறுக்குகிறவர்கள் நின்றிருந்தார்கள்.

"இவர்கள் இருக்கிற இடத்தில் எல்லாம் உடைசல் இருக்கிறது. ஆகவே இவர்களால்தான் உடைசல்" என்றான் ராஜா.

ஈ மொய்ப்பதால்தான் பலாப்பழம் இனிக்கிறது என்பது போல இருந்தது அவன் கணக்கு. ஆனால் கிரீடம் சாக்கடையில் கிடக்கும்போது ராஜாவுக்கு யார் எடுத்துச் சொல்வது?

சாயங்காலமே தண்டோரா போட்டார்கள். வருகிற பௌர்ணமிக்குள் உடைசல் பொறுக்குகிற நாற்பது குடும்பமும் உப்புவெளியைத் தாண்டிப் போய்விட வேண்டும். பௌர்ணமியன்று சக்கரவர்த்தியின் தூதர் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்ப, தண்ணீரைப் போல நிறமில்லாத ஒரு பெரிய குடுவை வேண்டும். அதில் ஓர் எள்ளளவு உடைசலும் சேரக்கூடாது, புது மணல் மட்டும்தான்.

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது. அரிஷாவுக்கோ ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

உப்புவெளியைத் தாண்ட மூன்று நாள் நடக்க வேண்டும். வழியில் ஒரு கிணறு கிடையாது, ஒரு மரம் கிடையாது. அரிஷாவின் புருஷன் மாகோ முன்பு பாய்மரத்திலிருந்து விழுந்தவன், கால் விந்தி விந்தி நடப்பான். ஒரு கழுதை உண்டு. கழுதை மேல் தண்ணீர்த் தோற்பையை ஏற்றினால் அரிஷா நடக்க வேண்டும். அரிஷாவை ஏற்றினால் தண்ணீர் வேண்டாமா? மாகோ கழுதையையும் தோற்பையையும் பெண்டாட்டியின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ஒரு நாளைக் கழித்தான்.

அங்கே அரண்மனையில், ஊரிலேயே பெரிய உலைக்காரரான பிலோனைக் கூப்பிட்டு ராஜா குடுவையைச் செய்யச் சொன்னான்.

"மகாராஜா, உடைசல் சேர்க்காமல்..." என்று ஆரம்பித்தார் பிலோன்.

"சேர்க்காமல்?"

"ஒன்றுமில்லை மகாராஜா" என்று முடித்துக்கொண்டார்.

பிலோன் நல்ல கைகாரர். ஆனால் கண்ணாடியை ஊதுகிற அந்த வாய், பெரிய மனிதர்கள் முன்னால் காற்றுப் போன துருத்தி மாதிரி சுருங்கிவிடும்.

முதல் தடவை வெறும் மணலும் உப்பும் போட்டு இரண்டு நாள் எரித்தார். அரைவேக்காட்டுச் சோறு மாதிரி குருணை குருணையாக நின்றது. குழலில் சுற்றி ஊதினால் ஓட்டை ஓட்டையாகப் போயிற்று.

இரண்டாம் தடவை உப்பை இரட்டிப்பாகப் போட்டார். அடடா, நன்றாக உருகியது! குடுவையும் அழகாக வந்தது. மறுநாள் காலையில் கடல் பனி இறங்கியதும் குடுவை மேலெல்லாம் முத்து முத்தாக வேர்த்தது. துடைத்தார், மறுபடி வேர்த்தது. உப்பு கூடிப்போன கண்ணாடி அப்படித்தான், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு அழும். மத்தியானத்துக்குள் கண்ணில் பூ விழுந்தது போல வெளுத்துப் போயிற்று.

மூன்றாம் தடவை தீயைக் கூட்டினார். விறகு மேல் விறகு, துருத்தி மேல் துருத்தி. சூடு தாங்காமல் குழம்பு வைத்த மண்மூசையே 'படார்' என்று பிளந்து, எல்லாம் சாம்பலில் போய்க் கலந்தது.

ஆறு நாள் போய்விட்டது. பிலோன் தலையில் துணியைப் போட்டு மூடிக்கொண்டு, உச்சி வெயிலில் ஆற்று முகத்துக்கு வந்தார்.

அரிஷா குடிசை வாசலில் உட்கார்ந்து சட்டி பானையைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க உலைக்காரரே, வெயிலுக்கு முக்காடா? இல்ல ஊருக்கு முக்காடா?"

"தங்கச்சி, நேரம் தெரியாம கேலி பண்ணாதே. நிறமில்லாத உடைசல் ஒரு கூடை வேணும்."

"ராஜா ஒரு எள்ளளவு கூடாதுன்னாரே?"

பிலோன் மணலில் குந்தினார். மூன்று தடவை பட்டதையும் சொன்னார். குடுவை வரவில்லையென்றால் ஊதுகுழலைப் பிடுங்கிக்கொண்டு தன்னையும் துரத்திவிடுவார்கள் என்றார்.

உள்ளே இருந்து மாகோ கத்தினான். "கொடுக்காதே அரிஷா! உடைசல் இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு அந்த ராஜாவுக்கு இப்பவாவது தெரியட்டும். நீ கொடுத்தா என்ன ஆகும்? நல்ல குடுவை வரும். பார்த்தியா, இவங்க இல்லாமலே நடந்துருச்சும்பான். நம்ம கையாலேயே நம்ம வாசலை அடைச்சுக்கறதா?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அரிஷாவுக்கும் அது தெரிந்தது. கொடுத்தால் ராஜாவின் பேச்சு மெய்யாகிவிடும். கொடுக்காவிட்டால் இந்த மனுஷர் பிழைப்பும் போகும், ராஜாவின் கோபமோ குறையப் போவதில்லை. அவள் இடுப்பில் கையை ஊன்றி யோசித்தாள். வயிற்றுக்குள் ஒரு உதை விழுந்தது.

"சரி, தரேன். ஆனா ஒண்ணு. குடுவையிலே என்ன சேர்ந்திருக்குன்னு ராஜா முன்னால நீங்க உங்க வாயால சொல்லணும். நான் வந்து நிப்பேன். என் காதால கேக்கணும்."

"என் உலைமேல ஆணை. சொல்றேன்" என்றார் பிலோன்.

அரிஷா கூடையைத் தன் முன்னால் கவிழ்த்து, தண்ணீர் நிறத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்துப் பொறுக்கினாள். ஒரு துண்டில் துளி பச்சை தெரிந்தாலும் ஒதுக்கினாள். கொடுப்பதென்று ஆனபிறகு அரைமனசாகக் கொடுக்க அவளுக்குத் தெரியாது.

அன்று ஏற்றிய உலை மறுநாள் காலையில் பதமாக நின்றது. மணலும் உப்பும் உடைசலும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து தேன்பாகு போல் தளதளத்தன. பிலோன் குழலை விட்டுச் சுழற்றி, ஒரு தேங்காய் அளவு குழம்பைச் சுருட்டி எடுத்தார். கல்பலகையில் உருட்டினார். மெல்ல ஊதினார். மறுபடி தீயில் காட்டினார், மறுபடி ஊதினார். ஊஞ்சல் மாதிரி வீசி வீசி ஆட்டினார், உருண்டை நீண்டு குடுவையாயிற்று. அடியில் ஒரு கம்பியை ஒட்டிப் பிடித்து, வாய்ப்பக்கம் ஈரக் குறடு வைத்துத் தட்டியதும் குழல் கழன்று வந்தது. விளிம்பைத் தீயில் மழுக்கி, இரண்டு பக்கமும் காது வைத்தார். பிறகு அதைச் சூடு ஆற்றுகிற உலையில் வைத்து மூடினார். ஒரு பகல் ஓர் இரவு அது மெல்ல மெல்லச் சூடு ஆற வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் போச்சு.

பௌர்ணமி வந்தது.

நாற்பது குடும்பமும் மூட்டை முடிச்சோடு ஊர்வாசலில் நின்றன. மாகோ கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அரிஷா மட்டும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அரண்மனை முற்றத்துக்குப் போய்க் கூட்டத்தில் நின்றாள்.

அன்று கடல் தெய்வத்துக்குத் தண்ணீர் வார்க்கிற சடங்கு, வார்ப்பு என்பார்கள். அந்த ஊர் வழக்கப்படி, வார்ப்பு முடிகிற வரைக்கும் ராஜா முதல் சேவகன் வரை எல்லாரும் வெறுங்காலோடு நிற்க வேண்டும். விருந்தாளியான தூதர்கூடச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டிருந்தார்.

குடுவையைக் கொண்டுவந்து அதில் தண்ணீர் ஊற்றினார்கள். ஐயோ, அதை என்ன சொல்ல! கண்ணாடி எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ராஜா இரண்டு கையால் தண்ணீரையே தூக்கிப் பிடித்திருப்பது போல இருந்தது.

"பார்த்தீர்களா? குப்பை சேராததன் அழகு!" என்று ராஜா தூதரிடம் சொன்னான். பிறகு திரும்பி, "பிலோன், இது வெறும் புது மணல்தானே?" என்றான்.

பிலோன் தரையைப் பார்த்தார்.

"உன்னைத்தான் கேட்கிறேன். வெறும் மணல்தானே?"

தலையாட்டினால் போதும். குழலும் பிழைக்கும், உலையும் பிழைக்கும். ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

'சொல்ல மாட்டார். கூடையும் போச்சு, குடிசையும் போச்சு. மாகோ சொன்னதுதான் சரி' என்று நினைத்தாள் அரிஷா. ஆனாலும் அவள் வைத்த கண் வாங்கவில்லை.

மூன்றாம் தடவை ராஜா கேட்டபோது பிலோன் தலையைத் தூக்கினார். கூட்டத்தில் அந்தக் கண் தெரிந்தது.

"இல்லை மகாராஜா. பாதி மணல், பாதி உடைசல். மூணு தடவை வெறும் மணல்ல முயற்சி பண்ணேன், மூணு தடவையும் தோத்தேன். இது ஆற்று முகத்து அரிஷா பொறுக்கிக் கொடுத்த உடைசல். அது இல்லேன்னா இது இல்லை." சொல்லியே விட்டார்.

ராஜாவின் முகம் செம்பாகச் சிவந்தது.

"சக்கரவர்த்திக்குக் குப்பையையா கொடுக்கப் பார்த்தாய்?" என்று குடுவையைத் தலைக்கு மேல் தூக்கினான்.

"உடைங்க மகாராஜா!" என்று ஒரு குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். அரிஷா ஆளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "தாராளமா உடைங்க. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். பொறுக்கறவங்க எல்லாரும் ஊர்வாசல்ல மூட்டையோட நிக்கறோம். நீங்க உடைச்ச அடுத்த நிமிஷம் உங்க உத்தரவுப்படி கிளம்பிடுவோம். இங்கே இருக்கற இத்தனை பேரும் எப்படி வீட்டுக்குப் போவீங்கன்னு மட்டும் யோசிச்சுக்கோங்க."

ராஜா குனிந்து தன் காலைப் பார்த்தான். வெறுங்கால். மந்திரி தன் காலைப் பார்த்தார். வெறுங்கால். ரோமாபுரித் தூதரும் தன் கொழுகொழுத்த வெள்ளைக் காலைப் பார்த்து, மெதுவாக ஒன்றின் மேல் ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

தூக்கிய குடுவை தூக்கியபடியே நின்றது. தண்ணீர் மட்டும் ராஜாவின் தலையில் கொஞ்சம் சிந்தியது.

"இன்னும் ஒண்ணு" என்றாள் அரிஷா, இப்போது குரலைத் தணித்துக்கொண்டு. "குப்பைன்னு சொன்னீங்க. கீழே இறக்கிப் பாருங்க. இதிலே எது புது மணல், எது என் உடைசல்னு விரல் வெச்சுக் காட்டிட்டா, நான் உப்புவெளியில் இந்த வயித்தோட ஓடியே போறேன்."

ராஜா குடுவையை இறக்கினான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தெரியவில்லை. மந்திரி மூக்கு இடிக்கப் பார்த்தார். தெரியவில்லை. தூதர் ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "எங்கள் சக்கரவர்த்தி வீட்டில்கூட இப்படி ஒன்று கிடையாது. உடையாமல் என் கையில் கொடுங்கள், கப்பலேறிவிடுகிறேன்" என்றார்.

ராஜா கெட்டவன் இல்லை. தெரியாதவன், அவ்வளவுதான். தெரியாதவனுக்கும் கெட்டவனுக்கும் என்ன வித்தியாசம் என்றால், தெரியாதவன் தெரிந்ததும் வெட்கப்படுவான். தெமரோஸ் ராஜா வெட்கப்பட்டான். தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டான்.

"அம்மா, மூட்டையை அவிழ்க்கச் சொல். யாரும் போக வேண்டாம். உனக்கு என்ன வேண்டும், கேள்."

பக்கத்தில் இருந்தவர்கள், "தங்கம் கேள், தங்கம் கேள்" என்று கிசுகிசுத்தார்கள். அரிஷா ஒரு கணம் யோசித்தாள்.

"எங்க நாற்பது வீட்டு ஆளுங்களுக்கும் கெட்டித் தோல்ல செருப்பு தைச்சுக் கொடுங்க மகாராஜா. வருஷா வருஷம். இன்னிக்கு ஒரு நாள் நீங்க நின்ன மாதிரிதான் நாங்க தினமும் நடக்கறோம்."

ராஜா அன்றே தோல்காரர்களை அழைத்து உத்தரவிட்டான். அரிஷா ஊர்வாசலுக்கு நடந்து போய், "இறக்குங்க மூட்டையை!" என்றாள். மாகோவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் முதல் வேலையாகத் தண்ணீர்த் தோற்பையை அவிழ்த்து அவளுக்குக் குடிக்கக் கொடுத்தான். மூன்று நாளைக்கென்று பிடித்து வைத்த தண்ணீர். அவள் வயிறு நிறையக் குடித்தாள், மிச்சத்தைக் கழுதை குடித்தது.

பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்வது இவ்வளவுதான்: ஒருமுறை தீயைப் பார்த்து உடைந்ததுதான் புதியதை இளகவைக்கும், அதனால் உடைந்தது என்று எதையும், எளியவர் என்று யாரையும் ஊருக்கு வெளியே தள்ளாதீர்கள்.